பக்கத்துப் பூட்டின் சாவி

சந்தைக்குள் நுழைகிற பெரிய வாயிலுக்கு இடது பக்கத்தில், கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற மாதிரி ஒரு கடை. அதில் உட்கார்ந்திருப்பவர் சாவியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

வாய் கொஞ்சம் நீளம். "கள்ளச்சாவி போடுவீங்களா?" என்று யாராவது வந்து கேட்டால், "சாவி நான் போடுவேன், கள்ளம் உங்க பொறுப்பு" என்பார். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து ஓடி வருகிறவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு ஒரு திட்டு, அதற்கப்புறம்தான் வேலை. திட்டுக்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே கணவரால்தான். கல்யாணமான புதிதில் மனிதர் மாதத்துக்கு ஒரு சாவியைத் தொலைத்தார். ஒவ்வொரு தடவையும் சந்தையிலிருந்த சாவிக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். அவர் பூட்டைக் குடையும்போது பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, ஒரு நாள், "தள்ளுங்க, நான் பார்க்கிறேன்" என்று இவரே திறந்துவிட்டார். அந்தச் சாவிக்காரர் ஊரைவிட்டுப் போனபோது கடையையும் மெஷினையும் இவரிடமே தள்ளிவிட்டுப் போனார். "உன் புருஷன் இருக்கிற வரைக்கும் இந்தத் தொழில் நல்லா ஓடும்மா" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

சாவியக்காவிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. கடையின் முன்னால் பூட்டுகள் வரிசையாகத் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சாவிக்கொத்து. ஆனால் அது அந்தப் பூட்டின் சாவி அல்ல, பக்கத்துப் பூட்டின் சாவி. எவனாவது ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போனாலும் அவனுக்கு அது பிரயோஜனப்படாது. விற்கும்போது சாவியக்கா கண்ணிமைக்கும் நேரத்தில் சாவியை மாற்றிக் கொடுத்துவிடுவார். இது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பெற்ற மகளுக்குத் தெரியாது. கணவருக்குத் தெரியவே கூடாது, ஏனென்றால் திருடனே வந்து "இதுக்குச் சரியான சாவி எதுங்க?" என்று மரியாதையாகக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அந்தக் கணவரைச் சந்தையில் எல்லோரும் ஆமாஞ்சாமி என்பார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். தங்கமான மனிதர், ஆனால் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. யார் என்ன சொன்னாலும் ஆமாம்தான். இரண்டு பேர் எதிரெதிராகச் சண்டை போட்டால் இருவருக்கும் ஆமாம் சொல்லிவிட்டு நடுவில் நின்று வியர்ப்பார்.

வீட்டோடு இருந்திருந்தால் இது ஒரு சிரிப்புக் கதையாகப் போயிருக்கும். சந்தைச் சங்கத்தில் சாவியக்கா கடையின் ஓட்டு அவர் கையில் இருந்ததுதான் தொல்லை. சங்கத்தின் கூட்ட அறை மாடியில். அங்கே சுவரில் விதிகள் எழுதிய பலகை தொங்குகிறது. அதில் மூன்றாவது விதி: 'ஒவ்வொரு கடைக்காரனுக்கும் ஒரு ஓட்டு.' கடைக்காரன் என்றுதானே இருக்கிறது, கடைக்காரி என்று இல்லையே? அதனால் பெண்கள் கடை வைத்திருந்தால் கணவரோ அண்ணன் தம்பியோ போய்க் கை தூக்க வேண்டும். யாரும் இல்லாத முட்டைக்கடை அக்காவுக்காக அவருடைய ஒன்றுவிட்ட மச்சான் ஒருவர் எங்கிருந்தோ வந்து, கை தூக்கி, அரை டஜன் முட்டையோடு போவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் பெண்கள் கழிப்பறையைச் சங்கத் தலைவரின் பாத்திரக்கடைக்குச் சாமான் அறையாகக் கொடுப்பது என்று தீர்மானம். 'கூடாது'ன்னு சொல்லிட்டு வாங்க என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் சாவியக்கா கணவரை மாடிக்கு அனுப்பினார். அவர் திரும்பி வந்தபோது முகமே சரியில்லை.

"என்ன ஆச்சு?"

"எல்லாரும் தூக்கினாங்க. நானும் தூக்கினேன்."

அன்றிலிருந்து சந்தைப் பெண்கள் அவசரமென்றால் பேருந்து நிலையம் வரைக்கும் நடக்கிறார்கள். நடக்கும்போதெல்லாம் சாவியக்கா கணவரைத் திட்டிக்கொண்டே போவார், திட்டிக்கொண்டே வருவார்.

இந்த வருஷம் கத்தி அவர் கழுத்துக்கே வந்துவிட்டது. வாயில் பக்கத்து இடம் தலைவரின் மருமகனுடைய செல்போன் கடைக்கு. சாவிக்கடை பின்பக்கம், குப்பை கொட்டுகிற மூலைக்கு. இதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் தீர்மானம். சாவியைத் தொலைத்தவன் ஓடி வந்து வாயிலில் பார்ப்பானா, குப்பையைச் சுற்றிக்கொண்டு போய்த் தேடுவானா? அந்த மூலைக்குப் போனால் கடை ஒரு மாதம்கூடத் தாங்காது என்பது சாவியக்காவுக்குத் தெரியும். ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை, அதற்குப் பதில் எல்லோரையும் கூடுதலாகத் திட்டினார்.

வீட்டில் மகள் ஒரு பக்கம். கல்லூரியில் படிக்கிறாள். அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து பெண்கள் மன்றம் ஒன்று நடத்துகிறார்கள். கொஞ்ச நாளாக அவர்கள் பேச்சு முழுக்க நூறு வருஷத்துக்கு முன்னால் ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய பெண்களைப் பற்றித்தான். அவர்கள் கொடி என்ன நிறம், சிறையில் என்ன சாப்பிட மறுத்தார்கள், எல்லாம் மனப்பாடம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பழைய படத்தை ஒட்டியிருந்தாள். பெரிய தொப்பி வைத்த ஒரு பெண் இரும்புக் கம்பியோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் போலீஸ்காரர்கள் முழிக்கிறார்கள்.

பால் எடுக்கப் போன சாவியக்கா படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, பிடிச்சிருக்கா?" மகளுக்குச் சந்தோஷம்.

"தொப்பி நல்லா இருக்கு. பூட்டு மகா மட்டம். இதை நான் கொண்டை ஊசியாலேயே திறந்துடுவேன்."

"அம்மா! திறந்துடுவாங்கன்னு அவங்களுக்கும் தெரியும். திறக்கவோ அறுக்கவோ கொஞ்ச நேரம் ஆகும் இல்ல? அது வரைக்கும் யாரும் இழுத்துட்டுப் போக முடியாது. அந்த நேரத்துல பேச வேண்டியதைப் பேசிடலாம். அதுக்குத்தான் பூட்டு."

சாவியக்காவுக்குப் பூட்டு பொருளைக் காப்பாற்ற என்று தெரியும். பேசுவதற்கு ஒரு பூட்டு என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவரிடம் கேட்டு வந்ததில்லை.

"அப்பவும் இதே கதைதான்மா" என்று மகள் விடாமல் தொடர்ந்தாள். "சட்டத்துல 'அவன்'னு எழுதி வச்சிருப்பாங்க. வரி கட்டணும்னா அந்த 'அவன்'ல அவளும் சேர்த்தி. ஓட்டுன்னு வந்தா சேர்த்தி இல்ல. உங்க சந்தைப் பலகை மாதிரியேதான். நீயே மாடிக்குப் போயிடேன்!"

"போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"இப்ப மட்டும் பேசலையா?"

"இப்ப நான்தானே பேசிட்டு இருக்கேன். போய்ப் படி, போ!"

சனிக்கிழமை மாலை மகள் கடைக்கு வந்தாள். சாவியக்கா மெஷினில் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். காது செவிடாகிற சத்தம். "அம்மா, ஒரு பூட்டு எடுத்துக்கறேன், நாளைக்குத் தந்துடறேன்!" என்று மகள் கத்தினாள். சாவியக்காவுக்குக் கேட்டது 'அம்மா' மட்டும்தான். தலையை ஆட்டி வைத்தார். மகள் இருப்பதிலேயே பெரிய பூட்டாகப் பார்த்துக் கழற்றி, அதில் தொங்கிய சாவியோடு பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் வரிசையில் ஓட்டை விழுந்திருப்பது கண்ணில் பட்டது. சாவியக்காவுக்குக் கோபத்துக்குப் பதில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார் பக்கத்து முட்டைக்கடை அக்காவிடம். "போகட்டும். இன்னைக்கு அதை எங்கேயாவது பூட்டிட்டுத் திருதிருன்னு முழிப்பான் பாரு. அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கலை."

கூட்டத்துக்குப் போகும் முன்னால் ஆமாஞ்சாமி வந்து நின்றார். நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை.

"இந்தத் தடவை என்ன சொல்லணும்?"

"கூடாது."

"ஆமாம்" என்றார்.

சாவியக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடை போய்விட்டது என்றே அவர் மனசு சொன்னது.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முட்டைக்கடை அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அடியே, உன் பொண்ணு மாடியில தன்னைத்தானே கட்டிப் போட்டுக்கிட்டு நிக்கிறா! கூட ரெண்டு பொண்ணுங்க. ஒண்ணு தொப்பி வேற போட்டிருக்கு!"

நடந்தது இதுதான். கூட்ட அறைக்கு ஒரே வழி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கிரில் கதவு. ஆண்கள் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் மகளும் தோழிகளும் கதவை இழுத்து மூடி, ஒரு சங்கிலியைத் தங்கள் இடுப்பில் சுற்றி, கம்பிக்குள் விட்டு வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து ஊதா மையில் எழுதித் தோளில் குறுக்காகப் போட்டிருந்தார்கள்: 'கடைக்காரிக்கும் ஓட்டு!' தொப்பிக்காரத் தோழியின் தலையில் காகிதப் பூக்கள் குத்திய பெரிய வெயில் தொப்பி. கண்ணாடி போட்ட இன்னொரு தோழி, "ஓட்டைக் கொடு! இல்லை, பூட்டைப் பார்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

தங்களைப் பிணைத்துக்கொள்வதுதான் திட்டம். அந்தச் சங்கிலி கதவின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டதால் உள்ளே இருக்கிற அத்தனை ஆண்களும் அடைபட்டுப் போனார்கள் என்பது பூட்டிய பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. சரி, திறந்துவிட்டு வேறு மாதிரி பூட்டலாம் என்று மகள் சாவியை நுழைத்தாள். அது போகவே இல்லை. திருப்பிப் போட்டாள், ஊதிப் பார்த்தாள், முறைத்துப் பார்த்தாள். நூறு வருஷத்துக்கு முந்திய பெண்கள் இந்த நிலைமைக்கு என்ன செய்தார்கள் என்று அவள் படித்த எதிலும் இல்லை.

உள்ளே இருந்த இரும்புக்கடைக்காரர் கம்பிக்கு வெளியே நின்ற யாரையோ அனுப்பி ரம்பம் வரவழைத்து, கம்பி வழியாகக் கையை விட்டு அறுத்துப் பார்த்தார். ரம்பத்தின் பல் போயிற்று. "சாவியக்கா கடைப் பூட்டு, நான் என்ன பண்றது? அறுக்க மத்தியானம் ஆயிடும்" என்று கையை விரித்தார்.

மத்தியானம் வரைக்கும் தலைவரால் முடியாது. அவருக்குச் சர்க்கரை நோய். கூட்டத்துக்கு வரும் முன்னால் இரண்டு டீ வேறு குடித்திருந்தார். மாடியில் கழிப்பறை கிடையாது. முதலில் அதிகாரமாகத்தான் பேசினார், பிறகு நியாயமாகப் பேசினார், பிறகு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்க ஆரம்பித்தார்.

சாவியக்கா படியேறி வந்தார். பூட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"எவனோன்னு நினைச்சேன். எவளோவா?"

"அம்மா, சாவி போக மாட்டேங்குது" என்றாள் மகள். குரல் உடைந்துபோயிருந்தது.

"எப்படிப் போகும்? அது பக்கத்துப் பூட்டோட சாவி." சாவியக்கா இடுப்பிலிருந்து சரியான சாவியை எடுத்தார். முட்டைக்கடை அக்கா பூட்டின் அடையாளம் சொன்னபோதே, பக்கத்துப் பூட்டிலிருந்து கழற்றிச் செருகிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"அப்பாடா! திறம்மா, சீக்கிரம் திற!" என்றார் தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

சாவி பூட்டின் வாய்க்குள் பாதி போய்விட்டது. பூட்டு என்று வந்தால் திறந்துவிட்டுத்தான் மறுவேலை, அது அவர் கை வழக்கம். அப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரில் தொங்கிய பலகை அவர் கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் சந்தா கட்டியும் அந்தப் பலகையை அவர் பார்த்தது அன்றைக்குத்தான். கேள்விப்பட்டது போலவே, கொட்டை எழுத்தில், 'கடைக்காரனுக்கும்'. திறக்கிற வரைக்கும் பேசலாம் என்று மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. படத்திலிருந்த தொப்பிக்காரப் பெண்மணியின் மட்டமான பூட்டும் நினைவுக்கு வந்தது. சாவியை வெளியே உருவிவிட்டார்.

"பூட்டைத் திறக்கிறதுக்குப் பூட்டுக்காரனைக் கூப்பிடுங்க" என்றார்.

"என்னம்மா விளையாடறே? நீதானே பூட்டுக்காரன்!"

"நான் பூட்டுக்காரி."

உள்ளே யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஐயோ, அது பொதுவா எழுதினதும்மா!" தலைவர் கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டே சொன்னார். "கடைக்காரன்னா அதுல பொம்பளைங்களும் அடக்கம்!"

"நல்லா இருக்கே நியாயம்! சந்தா வாங்கும்போது நாங்க அதுல அடக்கம். ஓட்டுன்னு வந்தா எங்களை அடக்கமே பண்ணிடறீங்க!"

மகள் வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தாள். இரண்டு வருஷம் மன்றம் நடத்தியும் இப்படி ஒரு வரி அவளுக்குத் தோன்றியதில்லை. முட்டைக்கடை அக்கா, பழக்கடை அத்தை, தையல்கடைப் பெண் என்று படி முழுக்க ஆள் சேர்ந்துவிட்டது.

"ஒரே ஒரு எழுத்துக்கு இந்த ஆர்ப்பாட்டமா?" என்றார் தலைவர்.

"ஒரே ஒரு எழுத்துதானே, மாத்திடுங்க. 'னு'வை எடுத்துட்டு 'ரு' போடுங்க. கடைக்காரருக்கும். உங்களுக்கும் மரியாதையா இருக்கும், எங்களுக்கும் இடம் இருக்கும். அவசரம் எனக்கு இல்ல. கீழே கழிப்பறை இருந்தவரைக்கும் அவசரப்பட்டோம், அப்புறம் அடக்கிப் பழகிட்டோம்."

தலைவருக்கு அது சுருக்கென்று தைத்தது. எங்கே தைத்தது என்பதை எழுத வேண்டாம்.

"விதியை மாத்தணும்னா கூட்டம் சம்மதிக்கணும்" என்று முனகினார். "எல்லாருக்கும் சம்மதமா? கை தூக்குங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர ஒரு கையும் எழவில்லை. யாராவது தூக்கட்டும், பிறகு நாம் தூக்கலாம் என்பதுதான் அந்த அறையின் வழக்கம். மூன்றாவது வரிசையில் ஆமாஞ்சாமி வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவரைப் பார்த்தார். கம்பிக்கு வெளியே மனைவியைப் பார்த்தார், சங்கிலியில் மகளைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக வேறு யாரும் தூக்கும் முன்பே அவர் கை மேலே போனது.

"ஆமாம்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

அவ்வளவுதான். அவர் தூக்கினார், எல்லோரும் தூக்கினார்கள். கண்ணாடிக்காரத் தோழி கம்பி வழியாகத் தன் ஊதாப் பேனாவை நீட்டினாள். இரும்புக்கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி, 'னு'வை அடித்துவிட்டு மேலே 'ரு' எழுதினார். கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. தலைவர் மூன்று பெண்களையும் ஒரு தொப்பியையும் தாண்டிக்கொண்டு படியிறங்கிய வேகத்தைச் சந்தை இன்றைக்கும் பேசுகிறது.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, ஆனால் மனம் மாறவில்லை. மருமகன் மருமகன்தானே. "சரி, சாவிக்கடையை மாத்துற தீர்மானம். மாத்த வேண்டாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார்.

சாவியக்கா உள்ளே சுவரோரமாக நின்றிருந்தார். அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வாய்க்கு வராத பேச்சில்லை, ஆனால் அந்த ஒரு கையைத் தூக்குவதற்குள் முந்தானையை இரண்டு தடவை இழுத்துச் செருகிக்கொண்டார். வாசலில் மகள் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியக்கா தூக்கினார். முட்டைக்கடை அக்கா தூக்கினார், பழக்கடை அத்தை இரண்டு கையையும் தூக்கிவிட்டு ஒன்றை இறக்கினார். தையல்கடைப் பெண் தூக்கினாள். இரும்புக்கடைக்காரர் தூக்கினார், அவர் கடைச் சாவியும் எத்தனையோ தடவை தொலைந்திருக்கிறது. அப்படித் தொலைத்தவர்கள் அந்த அறையில் நிறையப் பேர் இருந்தார்கள் போலிருக்கிறது. எண்ணாமலேயே தெரிந்துவிட்டது.

தலைவர் வேண்டா வெறுப்பாக எண்ணிக்கொண்டே வந்தவர் மூன்றாவது வரிசையில் நின்றார். அங்கே ஆமாஞ்சாமியின் கை, சொன்னபடி, சரியான பக்கத்தில், விறைப்பாக மேலே நின்றது. முகமெல்லாம் பெருமை.

"ஒரு கடைக்கு ஒரு ஓட்டுதான்" என்றார் தலைவர். "சாவிக்கடைக்கு இங்கே ரெண்டு கை இருக்கே. யாரோடதை எண்ணறது?"

சாவியக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கையைத் திட்டிக்கொண்டே எத்தனை தடவை பேருந்து நிலையம் வரைக்கும் நடந்திருப்பார். இப்போது அதைப் பார்க்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்க இறக்குங்க" என்றார்.

"ஆமாம்" என்று அவர் கையை இறக்கினார்.